குதிரைக் காசில் ஒரு வெட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

குதிரையின் பின்னங்கால் குளம்புக்குக் கீழே, எறும்பு கடித்தது போல ஒரு சின்னப் பள்ளம். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நீயும் அத்தானும் நலமா? உன் முழங்கை வலி குறைந்ததா? இங்கே நாங்கள் இருவரும் நலம். மாமாவின் கண் மட்டும் போன மாதத்தைவிட மங்கிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால், "என் கண்ணுக்கென்ன, அதோ எதிர்ல உக்காந்திருக்கு" என்று என்னைக் கை காட்டுகிறார்.

செவ்வாய்க்கிழமை காலை நம் பழங்காசுக் கடைக்குத் தையல்காரம்மா வந்தார். உனக்கு அவரைத் தெரியாது. நீ கல்யாணமாகிப் போன பிறகு இரண்டு தெரு தள்ளி மெஷின் போட்டு உட்கார்ந்தவர். நூல்கண்டு டப்பாவிலிருந்து ஒரு பழங்காசை எடுத்து மேஜையில் வைத்தார். இறந்துபோன வீட்டுக்காரர் வாங்கி வைத்ததாம். தங்கம். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மூன்று வரி எழுத்து.

மாமா வழக்கம்போல விளிம்பைத்தான் முதலில் தடவினார். "மூஞ்சிய எவன் வேணா அழகா செஞ்சிடுவான். விளிம்புலதான் சோம்பேறித்தனம் தெரியும்" என்பாரே, அதேதான். பிறகு தராசு. பிறகு லென்சை என்னிடம் கொடுத்தார். வார்த்த காசாக இருந்தால் ஊசிமுனை அளவுக்குக் குமிழிகள் இருக்கும், எழுத்து கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். இதில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தது. விளிம்பில் சம்மட்டி அடி வாங்கிப் பிளந்த மயிரிழை வெடிப்புகள் இருந்தன. நிஜம் என்று என் கை சொன்னது.

ஆனால் அந்தப் பள்ளம் எனக்கு முன்பே தெரிந்த பள்ளம். கடைக்கு வந்துபோகும் நல்ல காசுகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்போமே, அந்த நோட்டைப் பிரித்தேன். உன் கல்யாணத்துக்கு மாமா கொடுத்த குதிரைக் காசின் படம் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. அதே குளம்பு, அதே பள்ளம்.

மாமாவின் விரலைப் பிடித்து நோட்டில் வைத்துச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "அடிச்ச காசு ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பெத்த பிள்ளை. ரெண்டுக்கு ஒரே இடத்துல ஒரே தழும்பு விழாது. ஒண்ணு பிள்ளைன்னா இன்னொண்ணு அச்சுல வார்த்த பொம்மை. உங்கக்காவுக்கு எழுதிக் கேளு. அவகிட்ட காசு இருந்தா இது பொம்மை. அவகிட்ட இல்லன்னா..." அதோடு நிறுத்திவிட்டார்.

உன் காசு உன்னிடம் இருக்கிறதா அக்கா? பார்த்து எழுது. வெயிலில் அதிகம் அலையாதே.

அன்புடன்,
உன் தங்கை


ஜனவரி 23

என் அருமை ரேடியோவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முழங்கை வலி இப்போது தோளுக்குக் குடிபோய்விட்டது, வாடகை கேட்கவில்லை.

வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது நீ ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் நிற்பாய். மாமா, "யாராவது இந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பார். அந்தப் பெயர் கடிதத்தில் மட்டும்தான் உனக்குப் பொருந்துகிறது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். வகுப்பில் எழுந்து ஒரு பாடத்தைப் படித்துக் காட்ட வெட்கப்பட்டு எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளை இது என்று யாராவது நம்புவார்களா?

அத்தானுக்குப் பட்டறையில் இப்போது மூச்சு விட நேரமில்லை. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுப் போட்டியாம். பதக்கமும் கோப்பையுமாக வார்த்துத் தள்ளுகிறார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கைப்பிடியையும் ஒரே பக்கம் ஒட்டிவிட்டார்களாம். "ஜெயிச்சவனும் தோத்தவனும் சேர்ந்து பிடிச்சுக்கட்டும்" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

காசு எங்கே போகப்போகிறது? இரும்புப் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கும். பெட்டியின் மேல் தையல் மெஷின், மெஷின் மேல் மெத்தை. அத்தான் வீட்டில் இருக்கும் நாளில் இறக்கிப் பார்த்து எழுதுகிறேன். மாமாவை அதற்குள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். மிச்சமிருக்கும் முடி கொஞ்சம்தான்.

மாமாவின் கண்ணுக்கு மருந்து விடுகிறாயா?

அன்புள்ள,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? மருந்து காலையும் மாலையும் விடுகிறேன். மாமா கண்ணைத் திறப்பதற்குள் பாதி கன்னத்தில் போகிறது.

பெட்டியைச் சீக்கிரம் இறக்கிப் பார் அக்கா. தையல்காரம்மா தினமும் காலையில் கடை வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே வருவதில்லை. "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்கிறார். அவர் மெஷின் போட்டிருக்கும் அறையைச் சொந்தக்காரர் விற்கப்போகிறாராம். காசை விற்று அந்த அறையை வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறார். "எடம் போச்சுன்னா என்னைத் தேடி வர்ற ஆளுங்க எங்க போவாங்க பாப்பா? மெஷினத் தலையில வச்சுக்கிட்டா சுத்த முடியும்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

நம் கடைப் பலகை உனக்கு நினைவிருக்கிறதா? 'சோதனைக்குத் தரும் காசு போலி என்றால் விளிம்பில் வெட்டியே திருப்பித் தரப்படும்.' இன்னொருவரை ஏமாற்ற அது உதவக்கூடாது என்பதற்காக மாமா வைத்திருக்கும் முறை. தையல்காரம்மா அதைப் படித்துவிட்டுத்தான் ரசீதில் கையெழுத்துப் போட்டுக் காசை நம்மிடம் விட்டுப் போனார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. இதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. ஒரு காசை அச்சாக வைத்து வார்த்தால், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். குட்டிக் காசு தாய்க் காசைவிட ஒரு நூலளவு சின்னதாகத்தான் வரும். போன வருடம் வந்த போலியில் நானே அளந்து பார்த்திருக்கிறேன். தையல்காரம்மாவின் காசைத் தேய்த்து எடுத்த தாளை, நோட்டின் பதினேழாம் பக்கத்தோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன.

நீ உன் காசையும் தேய்த்து ஒரு படம் அனுப்பு. மெல்லிய தாளை மேலே வைத்து நகராமல் பிடித்துக்கொள். பென்சிலைச் சாய்த்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 15

என் அருமை ரேடியோவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுது.

பெட்டியை இறக்கியாகிவிட்டது. காசு பத்திரமாக இருக்கிறது. மாமா கட்டிக் கொடுத்த சிவப்புத் துணியிலேயே முடிந்தபடி இருந்தது. குதிரையும் இருக்கிறது, குளம்புக்குக் கீழே நீ சொன்ன பள்ளமும் இருக்கிறது. மாமாவிடம் உடனே சொல்லிவிடு. ஆறு வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. கையில் எடுத்தபோது என்னவோ லேசாக இருந்தது. வயசானால் தங்கமும் மெலியுமா? சின்ன வயதில் தூக்கியதெல்லாம் கனமாகத்தான் நினைவில் இருக்கும் போல.

படம் எடுக்க மெல்லிய தாள் இல்லை. அத்தானிடம் வாங்கி வரச் சொன்னேன். மறந்துவிட்டார். வாங்கியதும் அனுப்புகிறேன்.

அத்தான் உன்னை விசாரித்தார். "உன் தங்கச்சி இப்பவாவது பேசுதா, இல்ல இன்னும் எழுத்து மூலமாத்தானா?" என்றார்.

அன்புள்ள,
அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று காலைத் தபாலில் உன் கடிதம் வந்தது. தையல்காரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "உள்ள வாம்மா, இன்னிக்கு முடிவு தெரிஞ்சிரும்" என்று மாமா கூப்பிட்டார். உன் கடிதங்களை மாமாவுக்கு நான்தானே படித்துக் காட்டுவேன். படித்தேன். 'காசு பத்திரமாக இருக்கிறது' என்ற இடம் வந்தது. பள்ளமும் இருக்கிறது என்று படித்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "போதும்" என்றார்.

அதற்கு அடுத்த வரிகளில் என் கண் ஏற்கெனவே ஓடிவிட்டது அக்கா. லேசாக இருந்தது என்று நீ எழுதியிருந்தாய்.

மாமா தையல்காரம்மாவிடம், "தங்கம்தாம்மா. ஆனா பழசு இல்ல, வார்த்தது. எடைக்கு வித்துக்கலாம். பழங்காசு விலை வராது" என்றார்.

"நல்லாப் பாருங்கய்யா" என்றார் அவர். "என் வீட்டுக்காரர் நாலு வருஷச் சேமிப்பக் குடுத்து வாங்கினது."

"நம்ம வீட்டுக் காசு என் கையால நானே பாத்து எடுத்தது. அது பொய்யாகுமாம்மா? ரெண்டுல ஒண்ணுதான் நிஜம்."

மாமா உளியை எடுத்தார். நான் கடிதத்தைப் பிடித்தபடி நின்றேன். 'மாமா, இன்னும் ரெண்டு வரி இருக்கு' என்று சொன்னால் போதும். என் வாயில் அந்த ஐந்து வார்த்தைகளும் தயாராக இருந்தன. தையல்காரம்மாவும் இருந்தார், வாசலில் பேப்பர்கடைக்காரரும் வந்து நின்றிருந்தார். நான் கடிதத்தை நாலாக மடித்தேன். மாமா விரலால் தடவி இடம் பார்த்து, உளியை வைத்து ஒரே அடி அடித்தார். விளிம்பிலிருந்து குதிரையின் கழுத்து வரைக்கும் பிளந்துவிட்டது.

தையல்காரம்மா அழவில்லை. காசை வாங்கி டப்பாவில் போட்டு மூடி, "ரசீதுல நான் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?" என்று மட்டும் கேட்டார்.

உன் காசைத் தேய்த்து அனுப்பு. உடனே அனுப்பு.

தங்கை


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பேப்பர்கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "பழங்காசுன்னு பொம்மையக் கொண்டாந்து தள்ளப் பாத்துச்சு அந்தம்மா, பெரியவர்கிட்ட நடக்குமா?" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து தைக்கக் கொடுத்த விலை கூடின துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அளவெடுத்து வெட்டாமல் வைத்திருந்த துணி. "வெட்டினதுக்கப்புறம் கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல பாப்பா" என்றார் தையல்காரம்மா.

நேற்று மாமாவின் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுக்கும் சாக்கில் போனேன். போகும் வழியெல்லாம் ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கேட்டேன். "அந்தக் காச உங்க வீட்டுக்காரர் எந்த ஊர்ல வாங்கினாரு?"

"லாரி ஓட்டிட்டிருந்தாரே, போற ஊர் எதுலயோ" என்றார். பிறகு யோசித்து, சரக்கு இறக்கப் போன ஊர் ஒன்றைச் சொன்னார். அது உன் ஊர். நீ கல்யாணமாகிப் போன வருடம்.

பொத்தானுக்குக் காசு கொடுக்காமலேயே வந்துவிட்டேன். பாதித் தெரு வந்த பிறகுதான் தெரிந்தது.

படம் எங்கே அக்கா?

தங்கை


மார்ச் 24

அன்பு மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. அடேயப்பா, நமக்குக்கூட எழுத்து வருகிறதே என்று ஆச்சரியப்படாதே. உன் அக்காவுக்குச் சளிக் காய்ச்சல். பயப்பட ஒன்றும் இல்லை, தும்மல் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். மாமா சுகமா? கண் எப்படி இருக்கிறது?

தபால்காரர் இப்போது கடிதங்களைப் பட்டறையிலேயே என்னிடம் கொடுத்துவிடுகிறார். அவருக்கு ஒரு தெரு மிச்சம். உன் கடிதம் இரண்டையும் பார்த்தேன். இந்தச் சின்ன வயசில் எதற்கு இவ்வளவு யோசனை? மாமா பார்த்துச் சொல்லிவிட்டார், வெட்டியும் கொடுத்துவிட்டார். அவர் எடுத்த காசும் சரி, அவர் எடுத்த மாப்பிள்ளையும் சரி, இதுவரை சோடை போனதில்லை. அவரைவிட உனக்குத் தெரியுமா? சும்மா காசைத் தேய் தேய் என்றால் குதிரை தேய்ந்து கழுதையாகிவிடும்.

அக்காவை இதைப் பற்றிக் கேட்டுக் குழப்பாதே. உடம்பு முடியாதவள். அடுத்த முறை வரும்போது உனக்கு ஒரு பதக்கம் கொண்டுவருகிறேன். முதல் பரிசு, பேசாமல் இருந்ததற்கு.

இப்படிக்கு,
அத்தான்


மார்ச் 27

தங்கைக்கு,

நலம். எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. அத்தானின் சட்டைப் பையில் உன் இரண்டு கடிதங்களும், எனக்குக் காய்ச்சல் என்று அவர் உனக்கு எழுதி அடித்துப் போட்ட தாளும் கிடைத்தன.

பாடப்புத்தகம் விற்கும் கடையில் மெல்லிய தாள் கிடைத்தது. நீ சொன்னபடி சாய்த்துத் தேய்த்தேன். இதோடு வைத்திருக்கிறேன். தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். இனிமேல் இந்தத் தபால் நிலையத்துக்கே என் பெயர் போட்டு எழுது. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பார்த்துச் சொல்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து படி. தபால் நிலையத்தில் பெஞ்சு இருக்கும்.

மாமா மதியம் தூங்கியதும் உன் தாளை நோட்டின் மேல் வைத்து ஜன்னலில் பிடித்தேன். முதலில் வலது ஓரத்தைச் சேர்த்தேன், இடது ஓரம் உள்ளே நின்றது. இடதைச் சேர்த்தால் வலது நின்றது. நடுவில் வைத்தேன். சுற்றிலும் ஒரு நூல் குறைகிறது. பள்ளம் இருக்கிறது. ஆனால் ஆறிப்போன அம்மைத் தழும்பு மாதிரி ஆழமே இல்லாமல் இருக்கிறது. நாலு தடவை வைத்துப் பார்த்தேன். தாளை இழுத்துப் பிடித்தால் பெரிதாகுமோ என்றுகூடப் பார்த்தேன். எனக்குக் காது அடைத்துவிட்டது. தெருவில் போன வண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

உன்னிடம் இருப்பதுதான் வார்த்தது அக்கா. மாமா வெட்டியது நிஜக் காசு. மாமா உனக்குக் கொடுத்த காசேதான் அது. திரும்பி நம் கடைக்கே வந்திருக்கிறது, நாம் அதை உளியால் பிளந்து அனுப்பிவிட்டோம்.

எனக்குத் தவறிப்போயிருக்கலாம். தவறியிருக்க வேண்டும் என்றுதான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு நகைக்கடைத் தராசில் உன் காசை வைத்துப் பார். தங்கமா என்று கேள்.

தையல்காரம்மா வெட்டுப்பட்ட காசை இந்த மாதக் கடைசியில் உருக்கக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கிடைப்பதை வைத்து வேறு தெருவில் ஒரு மூலை பிடிக்கப் போகிறாராம். வெட்டுப்பட்டாலும் அது பழங்காசுதான். விலை குறையும், ஆனால் எடைக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். உருக்கிவிட்டால் அது இல்லாமலே போய்விடும். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று கேட்டேன். "எதுக்கு பாப்பா?" என்றார். உன் பதில் வரும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன்.

மெதுவாகப் போ. சாப்பிட்டுவிட்டுப் போ.

தங்கை


ஏப்ரல் 17

என் தங்கைக்கு,

மாமாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

தராசில் வைத்தார்கள். கடைக்காரர் ஒரு தடவை உரசிப் பார்த்தார். "எங்கம்மா வாங்கினீங்க, பித்தளைக்கு முலாம்தான் பூசியிருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற பெண் எனக்காகப் பாவப்பட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

வீட்டுக்கு வந்து காசை அத்தானின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரே சொன்னார். கல்யாணமான வருடம் பட்டறையை நாலு மாதம் பூட்டிவிட்டார்களாம். எனக்குத் தெரியாது. பதக்கத்துக்கு எடுக்கும் அச்சிலேயே இதற்கும் ஒரு அச்சு எடுத்து, ஒன்றை வார்த்து, சிவப்புத் துணியில் முடிந்து வைத்துவிட்டு நிஜத்தை ஒரு லாரிக்காரருக்கு விற்றிருக்கிறார். அதில்தான் அந்த நாலு மாதம் நான் அரிசி களைந்திருக்கிறேன். தினமும் காலையில் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். அதை எடுத்துக்கொண்டு போய் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கையில் கரியைத் தடவிக்கொண்டு வருவாராம். அந்தக் கரிக் கைக்கு நான் சோப்பு எடுத்துக் கொடுப்பேன்.

விற்றதுகூட எனக்கு உறைக்கவில்லை. சொல்லியிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். கரியைத் தடவிக்கொண்டு வந்ததை நினைத்தால்தான் எனக்கு மூச்சு நின்று வருகிறது. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப அவர் கையையே பார்க்கிறேன். இப்போது நிஜமாகவே வேலைக்குப் போய்விட்டுத்தான் வருகிறார். எது நிஜக் கரி என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாமாவிடம் சொல்லாதே. காசையும் மாப்பிள்ளையையும் நானே பார்த்து எடுத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவர். இரண்டும் ஒரே நாளில் பொய் என்று தெரிந்தால் தாங்கமாட்டார். கண்ணும் போன மனிதர். தையல்காரம்மாவுக்குத் தங்கத்தின் எடைக்காவது பணம் கிடைக்கும் இல்லையா? அவருக்கு மீதிக்கு நான் ஏதாவது வழி செய்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக. நீ பேசாதவள்தானே. இதிலும் பேசாமல் இரு.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். நான் நலம். மாமா நேற்றும் இன்றும் கடை திறக்கவில்லை. ஆனால் சாப்பிட்டார். காய்ச்சல் எதுவும் இல்லை.

உன் கடிதம் முந்தாநாள் மதியம் வந்தது. சமையலறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தான் எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கீழே விழுந்து எழுந்தபோது, "ரோட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தவர். அந்த முகத்தோடு அந்தக் கரிக் கையைச் சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகு உன் கடைசி வரிகளைத் திரும்பப் படித்தேன். நீ கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம் என்றும் உனக்குத் தெரியும். எனக்கு அது ஒன்றுதான் வரும். பிப்ரவரி மாதமும் நான் பேசாமல்தான் இருந்தேன். அதனால்தான் காசு பிளந்தது.

மாமா முன்னறையிலிருந்து, "அக்கா கடிதாசியா? என்ன எழுதியிருக்கா?" என்றார்.

போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். "மாமா, நீங்க வெட்டினது நிஜக் காசு" என்றேன்.

அவர் சிரித்தார். "யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். அக்காகிட்ட இருக்கிறது பித்தளை. அத்தான் வார்த்து வச்சது."

அவர் விரல்கள் மேஜையில் எதையோ தேடின. தேடுவது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. லென்சைத் தொட்டார், விட்டார். தராசைத் தொட்டார், விட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளையா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "என் கை அன்னிக்கே சொல்லுச்சு. விளிம்பத் தடவினப்பவே சொல்லுச்சு. நான்தான் நம்ம வீட்ட நம்பிக் கைய நம்பல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எப்பப் பாத்த?" என்று கேட்டார்.

"உளிய எடுக்கிறதுக்கு முன்னாடி."

"முன்னாடியா?"

"அக்கா காசு லேசா இருந்ததுன்னு எழுதியிருந்தா மாமா. நீங்க போதும்னு சொன்னதுக்கு அடுத்த வரி. அளவு சரியா இருக்குங்கறதும் எனக்கு முன்னாடியே தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து சட்டையைத் தேடினார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். "அந்தம்மாவ எப்படிப் பாப்பேன்? நாளைக்குப் போகலாம். நாளைக்குக் காலைல நானே போறேன்" என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அப்போதுதான் பேப்பர்கடைக்காரர் வாசலில் நின்று, "என்ன பெரியவரே, உங்க பொம்மைக் காசு இன்னிக்கு அடுப்புக்குப் போகுது போலிருக்கே. தையல்காரம்மா இப்பத்தான் டப்பாவோட பஜார் பக்கம் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது அக்கா. அந்த நாலு நாளை நம்பித்தான் நான் இருந்தேன்.

மாமா, "போ" என்றாரா, "போகாதே" என்றாரா என்று நான் நின்று கேட்கவில்லை. செருப்புப் போடாமல் ஓடினேன். தங்கம் உருக்கும் கடை பஜார் கோடியில், படியிறங்கிப் போக வேண்டிய தாழ்ந்த அறை. உள்ளே ஊதுகுழல் இரைச்சல். ஐந்தாறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா கல்லாப் பக்கம் நின்று ரசீதை மடித்துக்கொண்டிருந்தார். உருக்குபவர் இடுக்கியால் உருக்கும் மண்கிண்ணத்தை அடுப்பிலிருந்து எடுத்து வெளியே வைத்து, தட்டிலிருந்த காசை நோக்கிக் கையை நீட்டினார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் பெஞ்சைத் தாண்டி உள்ளே போய், அந்தக் காசை எடுத்து என் கைக்குள் மூடிக்கொண்டு, "இது நிஜம்" என்று உரக்கச் சொன்னேன்.